வராதவர் சம்மதம்

மருதங்கோட்டையை ஆண்ட ராஜாவுக்குத் திக்குவிசயர் என்று பெயர். அவர் எந்தத் திக்கையும் வென்றதில்லை. பெயரைத் தாத்தா வைத்துவிட்டுப் போனார், இவர் சுமந்துகொண்டிருந்தார்.

அரண்மனைக்குக் கிழக்கே உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் தெரு ஒன்று இருந்தது. ராஜாவுக்கும் அங்கே ஒரு தோட்ட வீடு உண்டு. ராணி தேடும் நாட்களில் அங்கே போய் ஒளிந்துகொண்டு, தாமரைக் குளத்தில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தெருவுக்கென்று தனிச் சட்டம். தமுக்கு அடித்து வீட்டுக்காரர்களைக் கூட்டி, எல்லோரும் சம்மதித்தால்தான் அதை மாற்றலாம். கூட்டம் எடுத்த முடிவில் ராஜாகூடத் தலையிட முடியாது. அதுவும் தாத்தா செய்துவிட்டுப் போன வேலைதான்.

தெருத் தலைவர், களஞ்சிய அதிகாரி விழுப்பரையர். அவர் ஒரு நாள் தெருவுக்கே விருந்து வைத்துக் கூட்டம் போட்டார். இரண்டாம் தடவை அதிரசம் வந்தபோது எழுந்து நின்றார். எல்லோரையும் கூட்டுவது பெரும்பாடாக இருக்கிறது, இனிமேல் கூட்டத்துக்கு வராதவர்கள் சம்மதித்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வாய் நிறைய அதிரசம் இருந்ததால் எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். ராஜாவும் ஆட்டினார். விருந்து என்றால் அவர் வராமலிருப்பாரா?

அடுத்து தேர்த் திருநாள் வந்தது. ஊரே தேர் இழுத்துக்கொண்டிருந்த உச்சிவேளையில், விழுப்பரையர் வெறிச்சோடிக் கிடந்த தெருவில் தமுக்கு அடித்துக் கூட்டம் கூட்டினார். அவரும், மைத்துனரும், மருமகனும் வந்தார்கள். தெருவில் எருமை இருக்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

தெருவில் இருந்ததே ஒரே ஓர் எருமைதான். அது சடைச்சியுடையது. அவள் புருஷன் பல்லக்குத் தூக்கியே முதுகு ஒடிந்து செத்தவன். அதற்காக ராஜா கொடுத்த வீட்டில் இருந்தாள். பால் விற்றுத்தான் அவள் அடுப்பு எரிந்தது. அந்த எருமை ஒரு காலையில் போட்ட சாணியில் விழுப்பரையர் பட்டுச் செருப்போடு கால் வைத்துவிட்டார். சங்கதி அவ்வளவுதான். பௌர்ணமிக்குள் எருமையை விற்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார்.

சடைச்சி சபைக்குப் போய் அழுதாள். தான் தேர்வடம் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், சம்மதம் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றும் முறையிட்டாள். வராதவள் சம்மதித்தவள்தான் என்றார் விழுப்பரையர். ராஜா தாடையைச் சொறிந்தார். தலையை ஆட்டியவர்களில் தானும் ஒருவர் என்பது நினைவுக்கு வந்தது. தாத்தா கையைக் கட்டிப் போட்டுவிட்டாரே அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சபை விகடன் எட்டியப்பனுக்கும் அதே தெருவில் கடைசி வீடு. வாசலில் சடைச்சியை நிறுத்தி, "நாளை மத்தியானம் வேலை ஏதும் உண்டா ஆத்தா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த மத்தியானம் கழிந்து மறுநாள் ராஜா தோட்ட வீட்டுக்கு வந்தார். குளத்தில் எருமை கிடந்தது. கொம்பில் ஒரு தாமரை இலை. வாயில் ஒரு தாமரைப் பூ. கரையில் சடைச்சியும் எட்டியப்பனும் நின்றார்கள். ராஜா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மேல்துண்டு நழுவ ஓடி வந்த விழுப்பரையர் முகத்தில் கல்யாணக் களை.

"இதை உள்ளே விட்டது யார்?" என்றார் ராஜா.

"தாங்கள்தான், மகாராஜா," என்றான் எட்டியப்பன். "நேற்று மத்தியானம் தெருக் கூட்டம் நடந்தது. எருமை தெருவில் இருக்கலாம், வெயில் வேளையில் தங்கள் குளத்தில் இறங்கலாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று."

"நான் வரவே இல்லையே."

"அப்படித்தான் சம்மதித்தீர்கள்."

தமுக்குச் சத்தமே கேட்கவில்லை என்று விழுப்பரையர் துள்ளினார். அடிக்க வேண்டும் என்றுதான் சட்டம், எவ்வளவு பலமாக என்று இல்லை, சுண்டுவிரலால் அடித்தேன் என்றான் எட்டியப்பன். வந்தது யார் யார் என்று கேட்டதற்கு, நானும் சடைச்சியும் என்றான். மற்ற எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள்.

விழுப்பரையருக்கு மூக்கு சிவந்தது. "தூங்குகிறவன் எப்படி ஐயா சம்மதிப்பான்? வராதவன் வாயில் நீங்களாக ஒரு வார்த்தையைத் திணிப்பதா? இது அநியாயம்."

தெரு முழுவதும் அவரையே பார்த்தது. தான் என்ன பேசினோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அநியாயம் என்று தலைவரே சொல்லிவிட்டார், அந்த விதி இன்றோடு ஒழியட்டும் என்றார். விழுப்பரையர் சுதாரித்துக்கொண்டு, விதியை மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும், நான் சம்மதிக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராஜா எட்டியப்பனைப் பார்த்தார்.

"கவலை வேண்டாம், மகாராஜா. அந்த விதியை நேற்றே எடுத்துவிட்டோம். கூட்டத்தின் கடைசித் தீர்மானம் அது. ஐயா குறட்டை விட்டுக்கொண்டே சம்மதித்தார். என் வீடு வரைக்கும் கேட்டது."

ராஜா குளத்துப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எட்டியப்பனிடம் கொடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கு முடிந்தது, எருமையை வெளியே ஓட்டுங்கள் என்றார்.

எட்டியப்பன் மோதிரத்தை மாட்டிக்கொண்டான். இடத்தைவிட்டு அசையவில்லை.

"குளத்துத் தீர்மானத்தை மாற்ற இனிமேல் எல்லோரும் நேரில் வந்து சம்மதிக்க வேண்டும், மகாராஜா. சடைச்சியும்தான்."

ராஜா சடைச்சியைப் பார்த்தார். சடைச்சி எருமையைப் பார்த்தாள். அது மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது.

"இப்பத்தான் இறங்கியிருக்கு, மகாராஜா," என்றாள் அவள். "வெயில் தாழட்டும்."