இறங்குவதாகத் தெரிந்த அலை

மலையடிவாரத்தில் ஒரு ரேடார் நிலையம். அங்கே நூற்றுக்கணக்கான ஆண்டெனாக்களை வரிசையாக நட்டு, வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்புவார்கள். திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை வைத்து, பயணிகள் விமானம்கூடப் போகாத உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று சொல்லிவிடுவார்கள். அத்தனை கருவியும் அவர்கள் தங்கள் கையாலேயே செய்து நிறுத்தியவை. அதனால் அங்கே டீ கொண்டு வருபவருக்குக்கூடக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டும், தப்பில்லை.

ஆசிரியர் மாதங்கிக்கு முப்பத்தொன்பது வயது. மாணவர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு. விமானப்படையின் வானிலைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு, பதினான்கு மாதங்களுக்கு முன்பு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். மாதங்கி அவரை 'சார்' என்பார். அவர் மாதங்கியை 'மேடம்' என்பார். யாரிடம் யார் படிக்கிறார் என்று புதிதாக வருபவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒருநாள் மதியம் இருதயராஜ் இரண்டு தாள்களைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஒன்று வண்ணப் படம்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக உயரம், காற்றின் அசைவு சிவப்பும் நீலமுமான சாய்ந்த பட்டைகளாக. இன்னொன்று, படிப்பை விட்டு விலகுவதாக எழுதிய கடிதம்.

மாதங்கி கடிதத்தைப் படித்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"காலையில நிலையத்தைப் பார்க்க ஒரு குழு வந்துச்சுல்ல மேடம். அதுல ஒருத்தர் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவர். இப்ப பெரிய ஆபீசர். நான் ஸ்பேனரோட ஆண்டெனா அடியில உக்காந்திருந்ததைப் பார்த்துட்டார். 'அங்க நீங்க சொன்னாத்தான் விமானமே கிளம்பும். இப்படி இறங்கிட்டீங்களே சார்'ன்னு கேட்டார்."

"அதுக்காகவா?"

"அதுவும்தான். படமும் சரியா வரலை."

"சொல்லுங்க."

"போன வாரம் அடிச்ச இடிமழை, மேல இருக்கிற காத்தை முட்டித் தள்ளி ஒரு அலையைக் கிளப்புச்சு. அது உயர உயரப் போச்சுன்னு எழுதியிருந்தேன். படத்துல பார்த்தா எல்லாப் பட்டையும் கீழ இறங்குது. மேல போற அலைக்கு அப்படித்தான் தெரியும்னு புத்தகத்துல இருக்கு. கணக்கும் போட்டேன், வருது. ஆனா கண்ணு நம்ப மாட்டேங்குது. இந்த வயசுல எனக்கு இதெல்லாம் ஏறாது மேடம்."

மாதங்கி கத்தரிக்கோலை எடுத்தார். கடிதத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிசாக ஒரு சந்து வெட்டினார். இருதயராஜ் பதறிப்போனார். மாதங்கி கடிதத்தைப் படத்தின் மேல் வைத்தார்.

"இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமா நகர்த்துங்க. மெதுவா. சந்து வழியா என்ன தெரியுது?"

"சிவப்பு இறங்குது. நீலம் இறங்குது. அடுத்த சிவப்பும் இறங்குது."

மாதங்கி கடிதத்தை எடுத்துவிட்டார்.

"இப்ப முழுசாப் பாருங்க. நிறம் அடர்த்தியா இருக்கிற இடம்தான் அலை. ரெண்டு மணிக்கு அலை எங்க இருக்கு?"

"பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துல."

"மூணு மணிக்கு?"

"பதினஞ்சு."

"நாலு மணிக்கு?"

இருதயராஜ் விரலால் தடவிப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து தடவினார்.

"பதினெட்டு," என்றார். பிறகு, "ஏறியிருக்கு மேடம்! மொத்தமா ஏறியிருக்கு!" என்றார்.

"ஒவ்வொரு பட்டையும் இறங்க இறங்க, அடுத்த பட்டை இன்னும் உயரத்துல கிளம்பியிருக்கு; அப்படியே அலை ஏறிட்டே இருந்திருக்கு. நம்ம மலைக்கு மேல நடந்ததை நீங்க பிடிச்சிருக்கீங்க. நீங்க ஸ்பேனர் வச்சு முடுக்கின ஆண்டெனாவாலயே பிடிச்சிருக்கீங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

இருதயராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு முழுசாக ஆறவில்லை.

"இருந்தாலும் மேடம், அந்த ஆபீசர் பார்த்தது பொய்யில்லையே. நான் கீழதானே உக்காந்திருந்தேன்?"

மாதங்கி கடிதத்தை மடிக்காமல் அவர் கையில் கொடுத்தார்.

"அவர் அஞ்சு நிமிஷம் பார்த்தார் சார். நான் பதினாலு மாசமாப் பார்க்கிறேன்."