இரண்டே புது டயர்

"முன்னாலயா, பின்னாலயாங்க அம்மிணி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

காலையில் போனிலும் இதையேதான் கேட்டிருந்தார். வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, இன்னொரு தடவை போன் போட்டும் கேட்டிருந்தார்.

நஸ்ரீன் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரிடமும் குனிந்து, அதன் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார்.

நஸ்ரீன் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். பல்லடம் ரோட்டில் மூடிப்போன ஒரு நூல்மில்லின் சிமெண்ட் களத்தை வாடகைக்கு எடுத்து, ஏற்கெனவே கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறார். அவருடைய மாணவர்களில் நாச்சிமுத்துதான் மூத்தவர்; ஆசிரியையைவிட இருபது வயது பெரியவர். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஐம்பது தாண்டிய பிறகு ஆசைப்பட்டு, இருவர் மட்டும் உட்காரும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். வாங்கிய பிறகு பயம் வந்தது. பயம் போக வேண்டும் என்றுதான் இங்கே வந்து சேர்ந்தார்.

அது போகவில்லை. இப்போது காரை ஓட்டுவது அவர் மகள் சிந்துஜா. குன்னூரில் கால்நடை மருத்துவர். திங்கட்கிழமை விடியும்போது மலை ஏறுவாள், சனிக்கிழமை இறங்குவாள். அவள் கிளம்பினால் இவர் கையிலிருந்து போன் இறங்காது.

"மேட்டுப்பாளையம் தாண்டிட்டியா? மெதுவாப் போ."

"சரிங்கப்பா."

"லாரிக்குப் பின்னாலயே போ. முந்தாத."

"சரிங்கப்பா."

எதைச் சொன்னாலும் அவள் மறுத்ததில்லை. அப்படியும் அவருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. நான்கு டயரும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. அந்தக் காருக்கான அளவில் கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் இரண்டுதான் கிடைத்தன. மற்ற இரண்டும் வர ஒரு மாதமாகும் என்றார்கள். கிடைத்த இரண்டையும் முன்சக்கரங்களில் மாட்டச் சொன்னார். மாட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"முன்னாலதானுங்களே சரி?" என்றார் மறுபடியும். "ஸ்டியரிங் முன்சக்கரத்தைத்தான திருப்புது? திருப்பினா திரும்பணும். புள்ள சொன்னபடி காரு கேக்கணுமுங்க."

"களத்தை நனைச்சு ஓட்டிப் பாத்தரலாங்ண்ணா."

"ஈரத்துலயா? சிந்துஜாவை வெச்சா?"

"அவங்கதான மலையேறப் போறாங்க."

தண்ணீர் லாரி ஒன்று வந்து களத்தை முழுக்க நனைத்துவிட்டு ஓரமாக நின்றது. நஸ்ரீன் ஆரஞ்சு நிறக் கூம்புகளை ஒரு பெரிய வட்டமாக வைத்தார். கூட வந்திருந்த சிந்துஜா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, அது மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

முதல் சுற்று மெதுவாகப் போனது. நஸ்ரீன் வெளியே நின்று, இன்னும் கொஞ்சம் வேகம் என்று கை காட்டினார்.

"ஸ்டியரிங்க இன்னுங் கொஞ்சம் ஒடி," என்றார் நாச்சிமுத்து. அவள் ஒடித்தாள். கார் உடனே திரும்பியது.

"இப்ப லேசா விடு." விட்டாள். கார் நிமிர்ந்தது.

"பாத்தியா? எப்படிக் கேக்குது பாரு," என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

நஸ்ரீன் மறுபடி கை காட்டினார். சிந்துஜா வேகத்தைக் கூட்டினாள். வட்டத்தின் கோடியில், "இன்னும் ஒடி," என்று அவர் சொல்ல, அவளும் ஒடித்தாள்.

முன்கண்ணாடியில் மில் சுவர் ஓடியது. தண்ணீர் லாரி ஓடியது. மறுபடியும் மில் சுவர். கூம்பு ஒன்று காருக்கு அடியில் நசுங்கும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. கார் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"என்ன பண்ணின?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்கப்பா. நீங்க சொன்ன மாதிரிதான் ஒடிச்சேன்."

"பின்சக்கரம் வழுக்கிட்டுப் போறது தெரியலையா?"

"தெரியல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "மலையில பர்லியாறுகிட்டயும் இப்படித்தான் இருந்துச்சு."

"பர்லியாறா?"

"போன மாசம். மழை. எதிர்ல ஒண்ணும் வரல. அதனால தப்பிச்சேன்."

"நீ அன்னிக்குப் போய்ச் சேந்துட்டேன்னு போன்ல சொன்னியே."

"சுத்தி நின்ன எடத்துல இருந்துதான் சொன்னேன்."

நாச்சிமுத்துவின் கை பெல்ட்டைத் தேடியது. அது மாட்டித்தான் இருந்தது.

"ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கிட்டுப் பஸ்ல போன்னு சொல்லுவீங்க. நானும் சரின்னு சொல்லிருவேன்."

நஸ்ரீன் வந்து இருவரையும் எட்டிப் பார்த்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் ஜாக்கியை உருட்டி வந்தார். புது டயர் இருந்த முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்னாலும், பின்சக்கரங்களை முன்னாலும் மாட்டினார்.

"மறுபடியுமா?" என்றார் நாச்சிமுத்து.

"மறுபடியும்."

அவருக்கு ஏறப் பிடிக்கவில்லை. அவளைத் தனியாக விடவும் பிடிக்கவில்லை. ஏறினார்.

அதே வட்டம், மெல்ல மெல்ல அதே வேகம். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே கார் அடம்பிடித்தது. முன்டயர்கள் முனகின. திருப்பத்தில் ஒடித்தால் பாதிதான் திரும்பியது. வட்டத்தின் கோடி வந்தபோது காரின் மூக்கு கூம்புகளைத் தாண்டி வெளியே இழுத்தது.

"ஒடி! ஒடி சிந்து, ஒடி!"

"ஒடிச்சா திரும்பாதுங்கப்பா. கொஞ்சம் சும்மா இருங்க."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதேயில்லை. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் வேகம் குறைந்தது. மூக்கு மெல்ல உள்ளே திரும்பி, கூம்புகளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அவள் ஓட்டிக்கொண்டு போய் ஆசிரியையின் முன்னால் நிறுத்தினாள்.

நாச்சிமுத்து இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது வேண்டாங்க அம்மிணி. பழையபடி முன்னாலயே மாட்டிருங்க. இது பேச்சே கேக்க மாட்டேங்குது. அது சொன்னதெல்லாம் கேட்டுதுங்க."

நஸ்ரீன் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுதுங்ண்ணா," என்றார். "கேட்டுட்டு, வழுக்கப் போறத ஒரு வார்த்தை சொல்லாம, கடைசில எந்தப் பக்கம் பாத்து நின்னுதுங்க?"

நாச்சிமுத்து திரும்பி மகளைப் பார்த்தார்.