பிறந்த வீட்டுப் பூ

மலையடிவாரத்தில் ஒரு முருகன் கோயில். கோயிலுக்குப் பின்னால் நந்தவனம். அதைப் பார்த்துக்கொண்டவள் உலகம்மை. காவி கட்டியவள், வயது நாற்பதைத் தொடவில்லை. அவளிடம் சீடராக இருந்தவர் ஆறுமுகநயினார். அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு சீடனை அண்ணாச்சி என்று கூப்பிட்ட இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

செடி வாடினால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் உலகம்மையிடம்தான் ஓடி வருவார்கள். என்ன பூச்சி, என்ன உரம் என்றெல்லாம் அவள் விசாரிக்க மாட்டாள். "எந்த மாசம் வச்சீங்க?" என்பாள்.

"சித்திரையில வச்சேன் தாயி. ரோஜா. கருகிப் போச்சு."

"கத்திரி வெயில்ல உங்களைக் கொண்டுபோய் நட்டா நீங்க என்ன ஆவீங்க? ஆடியில சாரல் விழட்டும். வாங்க, நானே பதியன் தாரேன்."

பேச்சில் சூடு இருக்கும். ஆனால் திரும்பிப் போகிறவள் கையில் அன்றைக்கு என்ன பூத்ததோ அதில் ஒரு கொத்தும் இருக்கும். அந்த நந்தவனத்திலிருந்து வெறுங்கையோடு யாரும் போனதில்லை.

ஒரு நாள் நயினார் கேட்டார்.

"வாங்கிட்டுப் போறவங்களை விடக் கொடுக்கிற உங்க முகந்தான் மலருது. அது எப்படிம்மா?"

"பூ யாருகிட்ட இருந்தாலும் சாயங்காலம் வாடிரும் அண்ணாச்சி. கொடுத்துட்டோம்னா வாடுறது அவங்க வீட்டுல. சிரிப்பு நம்ம வீட்டுல."

நயினார் மினி பஸ் ஓட்டியவர். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் பகவதி, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். பையன் வேறு சாதி. "இனிமே என் வாசலை மிதிக்காத" என்றார் நயினார். அவள் மிதிக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வாசலில் இருக்க அவருக்கே பிடிக்காமல் போயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டு நந்தவனத்துக்கு வந்து சேர்ந்தார். சொல்லப்போனால் கோபம் எப்போதோ போய்விட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்கிற வெட்கம்தான் மிச்சம் இருந்தது.

கார்த்திகைக் கடைசி. மல்லிகைக்குக் கவாத்து பண்ணுகிற நேரம்.

"தண்ணியை நிறுத்துங்க. முழங்கால் உசரத்துக்கு வெட்டி விடுங்க. மிச்ச இலையையும் உருவிருங்க" என்றாள் உலகம்மை.

நயினாருக்குக் கை வரவில்லை. "பச்சையா நிக்கிற செடியை எப்படிம்மா வெட்ட?"

"இப்பம் வெட்டினாத்தான் மாசியில மொட்டு வரும். பங்குனியில கூடை தாங்காது."

அன்று மத்தியானம் பகவதி போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குரலை அவர் கேட்டதே இல்லை.

"அப்பா, தையில எனக்குப் பூ முடிக்கிறாங்க. உங்ககிட்டச் சொல்லணும்னு எங்க மாமியா சொன்னாங்க." போனை வைக்கப் போனவள் மறுபடி பேசினாள். "நானுந்தான் சொல்லுதேன்."

"உம்" என்றார் நயினார். அவள் சொன்ன தேதியையும் நேரத்தையும் கோயில் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டார்.

அவர்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பு மாதிரிப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூ முடிப்பார்கள்; அப்போது பிறந்த வீட்டுப் பூதான் முதலில் தலையேற வேண்டும். மற்ற பூவெல்லாம் அதற்குப் பிறகுதான். பகவதிக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நயினாரை விட்டால் ஆள் கிடையாது.

சாயங்காலம் உலகம்மையிடம் போய் நின்றார். விஷயத்தைச் சொன்னார்.

"தையில மல்லிகையைப் பூக்க வைக்க முடியுமாம்மா?"

"முடியாது."

"ஒரே ஒரு செடி?"

"ஒரு செடிக்குத் தனிப் பஞ்சாங்கமா அண்ணாச்சி?"

"மல்லிகைன்னா அவளுக்கு உசுரு. பள்ளிக்கூடத்துக்கு அது இல்லாமப் போக மாட்டா. நானே என் கையால வளத்துக் கொண்டுபோய்க் கொடுத்தா, பழசையெல்லாம் மறந்துருவா."

உலகம்மை குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள்.

மறுநாள் நயினார் எல்லா மல்லிகையையும் வெட்டினார், ஒன்றைத் தவிர. கிணற்றுக்கு அந்தப் பக்கம், வேலியோரம் மறைவாக நின்ற செடி அது. அதற்கு மட்டும் தண்ணீர் போயிற்று. புண்ணாக்குக் கரைசல் போயிற்று. மார்கழிப் பனி விழுந்தபோது தன் துண்டை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். உலகம்மை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செடிமேல் கிடக்கும் துண்டைப் பார்ப்பாள். ஏன் என்று கேட்க மாட்டாள்.

செடி ராஜோபசாரத்தில் கொழுத்தது. இலையென்றால் அப்படி இலை. தை பிறந்தது. பூ முடிக்கும் நாளும் வந்தது. நயினார் விடியும்போதே எழுந்து இலைகளை விலக்கி விலக்கித் தேடினார். பயறு அளவில் நாலைந்து மொட்டு கிடைத்தது. அதையும் தொட்டால் உதிரும் போல இருந்தது.

அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உலகம்மை முன் வந்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியாம ஒரு செடியை வெட்டாம விட்டேம்மா."

"தெரியும். செடி போர்த்திக்கிட்டுத் தூங்குச்சு, நீங்க குளிர்ல நடுங்குனீங்க."

"இதைப் போயி மக தலையில எப்படி வைப்பேன்?"

"விசேஷம் எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"நீங்க இன்னும் கிளம்பலையே?"

"பங்குனியில போறேம்மா. அப்பம் நந்தவனமே பூத்துரும். பேரப்பிள்ளையும் பொறந்திருக்கும். கூடை நிறையக் கொண்டுபோறேன். எல்லாத்துக்கும் ஒரு மாசம் இருக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செடிக்குச் சொன்னேன் அண்ணாச்சி. உங்களுக்கு எப்பம் சொன்னேன்?"

நயினார் மொட்டு இருந்த உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். காலைப் பூசைக்குப் பறித்து வைத்திருந்த கூடையோடு திரும்பி வந்தாள். மஞ்சள் செவ்வந்தி, கொஞ்சம் மரிக்கொழுந்து, வேலி முழுக்கப் பூத்துக் கிடந்த ஊதா நிற டிசம்பர் பூ, அரளி. அரளியை மட்டும் பொறுக்கி ஒரு தட்டில் எடுத்துக்கொண்டாள். கூடையை அவர் கையில் வைத்தாள்.

நயினார் பதறிவிட்டார். "இது சாமிக்கு உள்ளதுல்லா!"

"ஆமா."

"அப்பம் முருகனுக்கு?"

"அரளி இருக்குல்லா. இன்னைக்கு அது போதும் அவருக்கு. பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் பூ போச்சுன்னு அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"டிசம்பர் பூவுல வாசமே கிடையாதேம்மா. வேலியில மண்டிக் கிடக்கிறது. அங்க நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். விசேஷ வீட்டுல சிரிக்காம எங்க போய்ச் சிரிப்பாங்க? பஸ்ஸு போயிரும், ஓடுங்க."

நயினார் ஓடினார்.

வாழ்நாளெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர், அன்று ஜன்னலோரம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடையில் கிடந்த வாழைநாரைக் கிழித்துப் பூக்கட்ட ஆரம்பித்தார். பஸ் குலுங்கிய குலுக்கலில் சரம் கோணல் மாணலாக வந்தது.

சாமிக்குப் பறிக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. நந்தவனத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் எந்தப் பூவையும் மோந்ததில்லை. இது சாமிக்குப் போகிற பூ இல்லையே என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூடையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் ஈரமும் சேர்ந்து ஒரு பச்சை வாசம் அடித்தது. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் கேட்டாள். "என்ன விசேஷம்?"

"என் மகளுக்குப் பூ முடிக்கிறாங்க."

'என் மக' என்று அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொன்ன சந்தோஷத்தில் அந்த அம்மாளுக்கு ரெண்டு செவ்வந்தியைக் கொடுத்தார். முன் இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கொடுத்தார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே காதில் ஒன்றைச் செருகிக்கொண்டான். போகிற போக்கைப் பார்த்தால் மகளுக்கு மிஞ்சுமோ மிஞ்சாதோ என்று பயந்து, நயினார் கூடையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். உலகம்மை மல்லிகைச் செடிகளின் அடியில் மண் அணைத்துக்கொண்டிருந்தாள். வெட்டின கணுக்களில் பச்சை தெரிந்தது.

"போன காரியம் எப்படி அண்ணாச்சி?"

"காத்துக்கிட்டு இருந்தாங்கம்மா." அவர் காலிக் கூடையைக் கீழே வைத்தார். "பத்து மணிக்கு முடிக்க வேண்டியது. பஸ்ஸு பிந்திருச்சு. நல்ல நேரம் போகுது போகுதுன்னு எல்லாரும் சொல்லியும், எங்க அப்பா பூ வரட்டும்னு பிள்ள மணையிலயே உக்காந்திருக்கா."

"ம்."

"அங்க மல்லிகைக்குப் பஞ்சமே இல்லம்மா. மாப்பிள வீட்டுல என்ன விலைன்னாலும் பரவாயில்லன்னு பந்து பந்தா வாங்கி வச்சிருக்காங்க. என் பூ வர்ற வரைக்கும் அதுல ஒண்ணைக்கூடத் தலையில வைக்க விடலையாம் அவ."

"யாரு முடிச்சு விட்டா?"

"அவ மாமியாதான். என் கோணச் சரத்தைத்தான் முதல்ல வச்சாங்க. தலை நிறைய ஊதாப்பூ. யாரும் சிரிக்கல." நயினார் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"உங்ககிட்டப் பேசினாளா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'ஏம்ப்பா இத்தனை நாளு?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல. வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். இப்பமும் வரல. நான் என்னம்மா சொல்லியிருக்கணும்?"

உலகம்மை கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அவ பதில் கேக்கல அண்ணாச்சி. அடுத்து எப்பம் வருவீங்கன்னு கேட்டிருக்கா."