உபயம் நாச்சிமுத்து டாட் காம்

எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு முட்டாள்கள் இருப்பார்கள். எங்கள் எருக்கம்பாளையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் கூட்டுச் சேர்ந்து தொழிலும் செய்தார்கள். மூத்தவர் குப்பண்ணன், அடுத்தவர் சென்னியப்பன், இளையவன் அர்த்தநாரி. முதலில் குடைக்கடை வைத்தார்கள். மழையில் சரக்கு நனைந்துவிடும் என்று ஐப்பசியில் கடையைப் பூட்டி, மழையெல்லாம் ஓய்ந்த பிறகு மாசியில் திறந்தார்கள். வியாபாரம் ஏன் படுத்தது என்று இன்றுவரை அவர்களுக்கு விளங்கவில்லை.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன். நடந்ததில் பாதி என் கடைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே நடந்தது. மீதியையும் கூடவே இருந்து பார்த்தேன். ஆகவே கூட்டிச் சொல்ல எனக்கு அவசியமில்லை, உள்ளதே தாராளமாக இருக்கிறது.

அர்த்தநாரிக்குத் தறிப்பட்டறை நாச்சிமுத்துவின் ஒரே மகள் வளர்மதி மேல் உயிர். வளர்மதிக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்கப்போய் அவள் யோசித்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? நாச்சிமுத்துதான் மசியவில்லை. தை பிறப்பதற்குள் ஒரே ஒரு பொருளையாவது வாங்கி லாபத்துக்கு விற்றுக் காட்டினால் பெண் உண்டு, இல்லாவிட்டால் பெருந்துறை மாப்பிள்ளையோடு தாம்பூலம் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அர்த்தநாரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மூவரும் ஈரோட்டில் ஏதோ ஒருநாள் வகுப்புக்குப் போனார்கள்.

அங்கே கோட்டுப் போட்ட ஒருவர், இணையத்தில் பெயர் வாங்கி விற்கும் தொழிலைச் சொல்லிக்கொடுத்தாராம். காலி மனை வாங்கிப் போடுவது மாதிரிதான். ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ நாளைக்கு வேண்டியிருக்கும் பெயரை, பின்னால் டாட் காம் சேர்த்து, நாம் முந்திக்கொண்டு பதிந்து வைக்க வேண்டும். வேண்டியவர் தேடி வரும்போது நல்ல விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அவர் சொன்ன புத்திமதிகளைக் குப்பண்ணன் நீள நோட்டில் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். புத்திமதியில் குற்றம் ஒன்றும் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் அப்படி.

மறுநாள் காலை என் கடையில் ஆலோசனை தொடங்கியது. பெயர் சின்னதாக இருக்க வேண்டும் என்று நோட்டில் இருந்தது. சென்னியப்பன் அடிஸ்கேலோடு வந்திருந்தார். குப்பண்ணன் எழுதிய பெயர்கள் எல்லாம் மூன்று அங்குலம், நாலு அங்குலம் என்று வந்தன. அதே பெயர்களைச் சென்னியப்பன் பொடி எழுத்தில் எழுதினார், ஒன்றும் ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. இனி எல்லாப் பெயரையும் சென்னியப்பனே எழுதுவது என்று முடிவாயிற்று. அதன்பிறகு எந்தப் பெயரும் அவர்களுக்கு நீளமாகப் படவில்லை.

அர்த்தநாரி வெட்கத்தோடு வளர்மதி என்ற பெயரை வாங்கலாம் என்றான். குப்பண்ணன் நோட்டைப் புரட்டி விரலை வைத்தார்.

"மனசைப் பறிகுடுத்த பேரை வாங்கவே கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு."

"அப்பறம் எந்தப் பேரைத்தானுங்க வாங்கறது?"

"ஆகாத பேரைத்தான் வாங்கோணும். இந்த ஊருல உனக்கு ஆரைக் கண்டா ஆகாது?"

அர்த்தநாரி வெகுநேரம் யோசித்தான். "சொல்லக் கூடாதுங்க. ஆனாக் கேட்டுட்டீங்க. நாச்சிமுத்து மாமனைத்தானுங்க."

"எனக்கும் அவரைத்தான் ஆகாது" என்றார் சென்னியப்பன்.

தன்னையும் சேர்த்து மூன்று பங்காளிகளுக்கும் ஒரே ஆள் ஆகாமல் போனதைக் குப்பண்ணன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை கேட்டவர் மறக்க முடியாத பெயராக இருக்க வேண்டும் என்றும் நோட்டில் இருந்தது. அதற்கும் குறைவில்லை. நாச்சிமுத்துவுக்குத் தானம் செய்வதில் பெரிய கை, அதை எழுதி வைப்பதில் இன்னும் பெரிய கை. நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சு, பள்ளிக்கூடத்து மின்விசிறி, மாரியம்மன் கோயில் டியூப்லைட் எல்லாவற்றிலும் 'உபயம் நாச்சிமுத்து' என்று இருக்கும். டியூப்லைட்டில் எழுத்துப் போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரை அப்படியே பார்த்து வளர்ந்த நம் மூவரும், உபயம் என்பதும் அவருடைய பெயர்தான் என்று நம்பியிருந்தார்கள்.

உபயத்தை விட்டுவிடலாமே என்று நான் மெல்லச் சொன்னேன். குப்பண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெயரில் பாதியை விட்டுவிட்டு வாங்கினால் அந்தப் பாதியை வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் பங்காளிச் சண்டைதான் என்றார். சரி என்று தேடிப் பார்த்தேன். உபயம் நாச்சிமுத்து டாட் காம் உலகத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. அர்த்தநாரி பெயரில் பதிந்து கொடுத்தேன்.

வாங்கிப் போட்ட பெயருக்கு மதிப்புக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த புத்திமதி. மூவரும் முறை வைத்து நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டைக்குப் போனால் சென்னியப்பன் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். அவர் தும்மினால் அர்த்தநாரி சுக்குக் காப்பியோடு நின்றான். பையன் பெண்ணுக்காகத்தான் இப்படி உருகுகிறான் என்று நினைத்து அவரும் கொஞ்சம் இளகியதாகக் கேள்வி.

மார்கழி பாதி போய்விட்டது. பெயரைத் தேடி ஒருவரும் வரவில்லை. அர்த்தநாரி தினமும் என் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பான், தேதிக் காலண்டரைப் பார்ப்பான், போய்விடுவான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் நாச்சிமுத்துவே படியேறி வந்தார். போர்வை விற்க இணையதளம் வேண்டுமாம். என்ன பெயரில் என்று கேட்டேன்.

"என்ற பேருலதான். உபயம் நாச்சிமுத்து."

வெறும் நாச்சிமுத்து போதாதா என்று கேட்டேன்.

"வெறும் நாச்சிமுத்து ஊருக்குப் பத்துப் பேரு இருப்பான். உபயம் நாச்சிமுத்துன்னாத்தான் நான்."

அந்தப் பெயர் போய்விட்டது, அர்த்தநாரி கையில் இருக்கிறது என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால் மனுஷருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தன் பெயருக்கு இத்தனை போட்டியா என்று இரண்டு தரம் கேட்டார். மூவரையும் அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னார்.

போகிற வழியில் குப்பண்ணன் கடைசிப் புத்திமதியைப் படித்துக் காட்டினார். வாங்க வருகிறவர் முதலில் சொல்லும் விலைக்கு எக்காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது, முகத்தில் ஆசையைக் காட்டக் கூடாது. நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாச்சிமுத்து சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, சொன்ன சொல்லு மாறமாட்டேன். பேரை எனக்குக் குடு. நீ பண்ணுன யாவாரமா அதுவே இருக்கட்டும். ரூவா அஞ்சாயிரமும் தர்றேன், என்ற புள்ளையையும் கட்டித் தர்றேன்."

அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பண்ணனைப் பார்த்தான். குப்பண்ணன் நோட்டைத் தொட்டுக் காட்டினார். அவன் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னான்.

"கட்டுபடியாகாதுங்க மாமா."

சொன்ன வேகத்தில் காப்பியை வேட்டியெல்லாம் சிந்திக்கொண்டான். நாச்சிமுத்து எழுந்து, பெருந்துறைக்குப் பேசுவதற்குப் போனை எடுத்தார். வகுப்புக்குப் போகாமலே பெண்ணை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்புக்குப் போய் இழந்தவனை அன்றுதான் பார்த்தேன்.

கதவருகில் நின்ற வளர்மதி குப்பண்ணனிடம் வந்து, விலையில் என்ன குறை என்று நிதானமாகக் கேட்டாள்.

"வெலையில ஒரு கொறையும் இல்லை கண்ணு" என்றார் அவர். "மொதல்ல சொன்ன வெலையாப் போச்சு. அதுதான் குத்தம்."

வளர்மதி கொஞ்சம் யோசித்தாள். "அப்பா, அதையே இன்னொருக்காச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்கப்பா."

நாச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அதே ஐயாயிரத்தையும் அதே மகளையும் வேண்டாவெறுப்பாக இன்னொரு தரம் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் அர்த்தநாரி அவர் காலில் விழுந்துவிட்டான். குப்பண்ணன் வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: "பாத்தீங்களா, கொஞ்சம் முறுக்குனதும் ஏறி வந்துட்டாரு."

தையிலேயே கல்யாணம். மண்டபத்து டியூப்லைட் எல்லாம் மாமனார் உபயம் என்பதால் உள்ளே ஒரே மங்கல். சீர் நடத்திய அருமைக்காரர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். அர்த்தநாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வேண்டாம் என்றான். சபை கொந்தளித்தது. நான் ஓடிப்போய் அருமைக்காரரிடம் இன்னொரு தரம் நீட்டுங்கள் என்று கெஞ்சினேன். நீட்டினார், பயபக்தியோடு வாங்கிக்கொண்டான்.

கெட்டிமேளம் முழங்கியது. அவன் தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனான். வளர்மதி சட்டென்று கழுத்தை விலக்கிக்கொண்டாள். மேளம் நின்றது.

"கட்டுபடியாகாது" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

எனக்கு மட்டும் அவள் உதட்டோரச் சிரிப்புத் தெரிந்தது. குப்பண்ணன் பெருமை தாங்காமல், வகுப்புக்கே போகாமல் பிடித்துக்கொண்டாள் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முகூர்த்தம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது அவன் இரண்டாம் தரம் நீட்டினான், அவள் தலையைக் குனிந்துகொடுத்தாள். மூன்று முடிச்சும் நல்லபடியாக விழுந்தது.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது குப்பண்ணனும் சென்னியப்பனும் பசியில் காதடைத்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடவில்லையா என்று கேட்டேன். காலையில் ஒருவர் வந்து கூப்பிட்டாராம், மறுத்துவிட்டார்களாம். அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இன்னும் சோறு இருக்கிறது, எழுந்து வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பண்ணன் என் கையை மெல்ல விலக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கூப்படறது இதுதானுங்களே மொதத் தடவை."