இன்னாசிமுத்து நிமிர்த்திய ரிம்

இதில் வரும் நேரங்கள் நான் கைபேசியைப் பார்த்துச் சொல்பவை, அவற்றை நம்பலாம். தூரங்கள் இன்னாசிமுத்து அண்ணன் சொன்னவை. அவற்றை நம்பவேண்டும் என்று யாரையும் கேட்கமாட்டேன். பொய்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அவருடையவை. அந்த ஒன்று என்னுடையது. அது வரும் இடத்தில் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று எனக்குத் திருச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை அழைத்திருந்தார்கள். காலை பத்தரைக்கு வரவேண்டும், பதினொரு மணிக்கு மேல் அனுமதி இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நான் பதினான்கு முறை படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் படித்துப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. பதினான்கு முறையும் நானேதான் படிக்கவேண்டியிருந்தது.

அரியலூரில் பஸ் ஏறுவதாகத்தான் இருந்தேன். எதிர்வீட்டு வைரக்கண்ணு அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் கூட்டிவரப் போவதாகவும், கார் காலியாகத்தான் போகிறது என்றும் சொன்னார்.

"பஸ்ஸுன்னா எடத்துக்கு எடம் நிக்கும் சுகந்தி. நம்ம காரு எங்கயும் நிக்காது."

கார் புள்ளம்பாடிக்கு முன்னால் நின்றது.

சிமெண்ட் லாரிகள் போய்ப் போய் ரோட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முன்பக்க இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. இறங்கும்போது டயரில் காற்று இருந்தது, ஏறும்போது இல்லை. மணி எட்டு ஐம்பத்தைந்து. ரிம்மின் விளிம்பு உள்பக்கமாக நெளிந்திருந்தது. மூன்று விரல் அகலத்துக்கு. விரலை வைத்தே பார்த்தேன்.

"பயப்படாத, ஸ்டெப்னி இருக்கு," என்று அண்ணன் டிக்கியைத் திறந்தார்.

ஸ்டெப்னி இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதை மறக்காமல் வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி உள்ளே வைத்திருக்கிறார். காற்று மட்டும் வைத்ததில்லை. பக்கவாட்டில் வெடித்துப்போய், ரப்பரை விடச் சந்தனம்தான் அதில் அதிகமாக இருந்தது.

பள்ளத்திலிருந்து இருநூறு அடியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. நல்லவேளை என்றேன். அண்ணன் பள்ளத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அது நல்லவேளையாகப் படவில்லை. பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினேன். இரண்டு பஸ்கள் எனக்குப் புழுதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயின.

கடைக்காரர்தான் இன்னாசிமுத்து அண்ணன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். பஞ்சர் ஒட்ட அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்கு நிழலாகக் கட்டியிருந்த அதே தார்ப்பாயின் மறுபாதியில் லூர்து அக்கா டீக்கடை வைத்திருந்தார்.

"ரிம்மு நிமித்த எவ்வளவு நேரமாகும்ணே? பாப்பா பதினொண்ணுக்குள்ள திருச்சியில இருக்கணும்," என்றார் வைரக்கண்ணு அண்ணன்.

"கால் மணி நேரம்."

அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. கால் மணி நேர வேலைதான். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, டயரையும் பிரித்தெடுத்தார். ஐந்தே நிமிடம். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் வைரக்கண்ணு அண்ணன், "ஆணியும் ஏறியிருக்கலாம், தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்துருங்க," என்றார்.

"தண்ணித் தொட்டியா? அது காது கேக்காதவன் வச்சிக்கிறது," என்றார் இன்னாசிமுத்து அண்ணன். "போன மாசி மாசம், இதே எடத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கேன். லால்குடி ரயில்வே கேட்டுல நிக்கிற லாரியில காத்து எறங்குது. பின்னாடி இடது பக்கம், உள் டயரு. எனக்குக் கேக்குது. உடனே அந்த டிரைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். எறங்கிப் பாத்தவன் புள்ளம்பாடி பக்கமா திரும்பிக் கும்புட்டுட்டான்."

"லால்குடி இங்கருந்து பதினஞ்சு கிலோமீட்டருண்ணே. அது சரி, அந்த டிரைவர் நம்பரு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வைரக்கண்ணு அண்ணன்.

இன்னாசிமுத்து அண்ணன் கையில் அப்போதுதான் எடுத்திருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"டயர் சத்தத்தைக் கேட்டா வண்டி தெரியாதா? வண்டி தெரிஞ்சா டிரைவரைத் தெரியாதா? நம்பலேன்னா இப்பவே காட்டுறேன். எல்லாரும் மூச்சை அடக்குங்க."

அடக்கினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதில் கையைக் குவித்தார்.

"கல்லக்குடி... மாதா கோயிலுக்கு அந்தாண்ட... ஒண்ணு எறங்குது. சைக்கிளு. லேடீஸ் சைக்கிளு."

கல்லக்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர எங்களிடம் வண்டி இல்லை. இதில் ஆறு நிமிடம் போயிற்று.

லூர்து அக்கா டீ கொடுக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, அவசரம்னா ஒண்ணு சொல்றேன். அந்த மனுசன் சொல்றதை மறுத்துப் பேசாதீங்க. மறுத்தா கை நின்னுரும். ஆமான்னு சொன்னா ஓடும். போன வருசம் ஒரு வக்கீல் காரை நிப்பாட்டினாரு. குறுக்கு விசாரணை பண்ணி, மறுநாள்தான் போனாரு."

நான் பொய் சொல்லிப் பழகியதில்லை. விண்ணப்பத்தில் 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில் மச்சம் எழுதும்போதுகூட, அது மச்சமா தழும்பா என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதினேன். ஆகவே 'ஆமா' என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்படியா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சுத்தியல் இரண்டு அடி அடித்தது.

சோதித்துப் பார்த்ததில் கணக்கு இப்படி இருந்தது: 'ம்' என்றால் ஓர் அடி. 'அப்படியா' என்றால் இரண்டு அடி. 'அடேங்கப்பா' என்றால் நான்கு. அடேங்கப்பாவும் பொய்யில் சேராது என்று முடிவுசெய்து, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆடி மாசம் கரண்டு போயிருச்சு," என்று ஆரம்பித்தார். சுத்தியல் ஓடிக்கொண்டிருந்தது. "கம்ப்ரஸர் ஓடல. தஞ்சாவூர் போற காரு, நாலு டயரும் காலி. நான் என்ன பண்ணேன்? டயர் வால்வைக் கழட்டி, ஆடிக் காத்துக்கு எதுத்தாப்புல மேற்க பாத்துக் காட்டுனேன். கும்முனு ரொம்பிருச்சு."

"அடேங்கப்பா," என்றேன். நான்கு அடி.

"கொஞ்சம் கூடுதலாவே ரொம்பிருச்சு. காரு தரையில நிக்க மாட்டேங்குது. ஒரு சாண் ஒசரத்துல நிக்குது. நாலு மூட்டை அரிசியை ஏத்தி அனுப்புனேன். தஞ்சாவூர் போற வரைக்கும் டயரு ரோட்டைத் தொடல. அதே டயருதான் இன்னும் ஓடுது. தேயவே இல்ல."

வைரக்கண்ணு அண்ணனைக் கண்ணாலேயே கெஞ்சினேன். நல்ல மனிதர்தான். ஆனால் பொய்யைக் கேட்டால் சிலருக்குத் தும்மல் வருவதுபோல அவருக்குக் கேள்வி வந்துவிடும்.

"தரையைத் தொடலேன்னா காரு எப்படிண்ணே நகரும்?"

சுத்தியல் கீழே போயிற்று. மணி ஒன்பதரை.

"யோவ் டிரைவரே, ஆடிக் காத்துன்னா என்னான்னு நினைச்சே? பின்னாடியிருந்து தள்ளாதா?"

"தஞ்சாவூருக்குத் தெற்கால போகணும். ஆடிக் காத்து மேற்கேர்ந்து கெழக்க அடிக்குது. அப்ப காரு கடலுக்குல்ல போயிருக்கும்?"

"போச்சு. யாரு இல்லேன்னா? கடலுக்குப் போயி, மீன் வாங்கிட்டு, அப்பறம் தஞ்சாவூர் போனாங்க."

"இன்னாசி அண்ணே, அன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே, வேதக்காரங்க காருல்ல அது, வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாங்க, மீன் வாங்கியிருப்பாங்கதான்," என்றார் லூர்து அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. இப்படி ஒத்து ஊதியதில் சுத்தியல் மறுபடி எழுந்தது. அக்காவுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

ஒன்பது ஐம்பதுக்கு ரிம் நேரானது. டயரை ஏற்றி, காற்று அடித்து, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி இல்லை. பொய் சொல்லக்கூடாது, வேலை சுத்தம். சக்கரத்தை மாட்டினார். நான்கு நட்டுகள். முதல் நட்டை முடுக்கும்போது வைரக்கண்ணு அண்ணன் ரிம்மைத் தடவிப் பார்த்து, "வட்டம் சரியா வந்துருச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வட்டமா?" ஸ்பேனர் நின்றது. "என்கிட்டயே வட்டத்தைப் பத்திக் கேக்குறியா? ஒரு தடவை இதே மாதிரி ஒரு ரிம்மு. நிமித்தி, டயரை மாட்டி, கீழ வச்சேன். மேடும் இல்ல, பள்ளமும் இல்ல, தானா உருள ஆரம்பிச்சுருச்சு. அவ்வளவு வட்டம். சின்னக் கோணல் இருந்தாத்தான உருள்றது நிக்கும்? ஓடிப்போய்ப் புடிக்கப் பாத்தேன். முடியல. மேற்க போச்சு. திருச்சி தாண்டிருச்சு, கரூர் தாண்டிருச்சு, அப்பறம் தகவலே இல்ல."

"அடேங்கப்பா," என்றேன் அவசரமாக. முதல் நட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"மூணு மாசம் ஆச்சு. ஒருநா காலையில பல்லு வெளக்கிட்டு இருக்கேன். கெழக்கேர்ந்து ஒரு டயரு உருண்டு வருது. பாத்தா நம்ம ரிம்மு! மேற்க போனது உலகத்தைச் சுத்திட்டுக் கெழக்கால வந்துருச்சு."

மூன்றாவது நட்டு. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வைரக்கண்ணு அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியும் விரலிடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

"நடுவுல கடல் இருக்கேண்ணே?"

"டயருல காத்து இருந்துச்சுல்ல? மெதந்துருக்கு. அதுல பாரு, எந்த ஊருலயோ ஆணி ஏறி, அந்த ஊருக்காரன் எவனோ பஞ்சர் ஒட்டி விட்டுருக்கான். ஒட்டு சுத்தமா இல்ல. பிச்சுப் போட்டுட்டு நான் மறுபடி ஒட்டினேன்."

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமாண்ணே!"

ஸ்பேனர் தரையில் விழுந்தது. நான்காவது நட்டு அவர் உள்ளங்கையில் இருந்தது. கையை மூடிக்கொண்டார். மணி பத்து. திருச்சிக்கு ஒரு மணி நேர ஓட்டம்.

"நான் புளுகுறேனா? பாப்பா படிச்ச புள்ள. பாப்பா சொல்லட்டும். எம்மா, நீ என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. இயற்பியல்."

"அப்ப உனக்குத்தான் தெரியும். சொல்லு. ரிம்மு உலகத்தைச் சுத்தி வருமா, வராதா?"

மூடிய கையைப் பார்த்தேன். அடேங்கப்பா இங்கே செல்லாது. அப்பா மூட்டை தூக்கிப் படிக்கவைத்த மூன்று வருடமும் அந்த நட்டுக்குள் இருந்தது. இதோ, நான் சொன்ன அந்த ஒரு பொய்:

"வரும்ண்ணே. வந்திருக்கு. எங்க பாடப் புத்தகத்துலயே இருக்கு. சுழற்சி இயக்கம்னு ஒரு பாடம். அதுல 'புள்ளம்பாடி ரிம்'னு ரெண்டு மார்க் கேள்வி."

வைரக்கண்ணு அண்ணன் என்னை யாரோ போலப் பார்த்தார்.

"புத்தகத்துலயா?" என்றார் இன்னாசிமுத்து அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "படம் போட்டிருக்காங்களா?"

"ரிம்முக்குப் போட்டிருக்காங்க. உங்க படம் இல்ல." பொய்யிலும் அளவு மீறக்கூடாது என்று எனக்குப் பட்டது.

"பேரு?"

"பேரு இருக்கு. கீழ, சின்ன எழுத்துல."

"சின்ன எழுத்துலயா போட்டான்?" என்று வருத்தப்பட்டபடியே நான்காவது நட்டை முடுக்கினார். அதற்குமேல் அந்தச் சக்கரத்தில் முடுக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் மற்ற மூன்றையும் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டார்.

கார் கிளம்பும்போது லூர்து அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நல்லாருப்ப தாயி. இனிமே இந்தப் பாடத்தையும் நாங்க தினம் கேக்கணும்."

திருச்சியில் அந்த அலுவலகத்தின் மாடிப்படி ஏறும்போது மணி பதினொன்று ஏழு. கீழே மரத்தடியில் ஃபைலோடு சிலர் நின்றிருந்தார்கள். அவர்களை நின்று பார்க்க எனக்கு நேரம் இல்லை. மேலே கதவருகில் மேசை போட்டு ஓர் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏன் லேட்டு?"

"கார் பஞ்சர் மேடம்."

அவர் தலை நிமிரவில்லை. "கீழ மரத்தடியில எட்டுப் பேர் நிக்கிறாங்க, பாத்தீங்களா? எட்டுப் பேருக்கும் பஞ்சர். அதுல ஒருத்தர் ரயில்ல வந்தவரு. போய் அவங்களோட நில்லுங்க."

நான் சொன்னது உண்மை. அதனால் மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

"பஞ்சர் மட்டும் இல்ல மேடம். பள்ளத்துல எறங்கி ரிம்மு நெளிஞ்சிருச்சு. முன்பக்கம் இடது சக்கரம். விளிம்பு உள்பக்கமா, மூணு விரல் அகலத்துக்கு. எட்டு அம்பத்தஞ்சுக்கு. சுத்தியலால நிமித்தி, சோப்புத் தண்ணி வச்சுப் பாத்துதான் மாட்டுனாங்க மேடம்."

பேனா நின்றது. முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு விரலா?"

"ஆமா மேடம்."

"அளந்தீங்களா?"

"அளந்தேன் மேடம்."

பட்டியலை இழுத்து, என் பெயரைத் தேடி, ஒரு டிக் அடித்தார்.

"உள்ள போங்க. மத்த எட்டுப் பேரும் பஞ்சர்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்றதுக்குக் கொஞ்சமாவது மெனக்கெட்டிருக்கீங்க."