பசிக்கிறது, போரிஷ்கா

ஹங்கேரியில் டிசா ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் எதெல்கா என்றொரு மருத்துவர் இருந்தார். அவரிடம் வைத்தியம் கற்க வந்தவர் காஷ்பார். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

ஒருநாள் மதியம் மாவு மில்காரர் வீட்டு விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இருவரும் போரிஷ்காவைப் பார்க்கப் போனார்கள். அவள் கணவன் இம்ரே காசநோயில் இறந்து ஐந்து நாளாகியிருந்தது. அன்றிலிருந்து அவள் அடுப்பு மூட்டவில்லை.

"துக்கத்துக்கு என்ன மருந்து, டாக்டரம்மா?" வழியில் காஷ்பார் கேட்டார்.

"முதலில் அவளைப் பார்ப்போம், வாருங்கள்."

போரிஷ்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கம்பக்கத்தார் கொடுத்த ரொட்டி மேசைமேல் காய்ந்து கிடந்தது. காஷ்பார் கட்டிலருகே உட்கார்ந்து, மனசில் தயார்செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். காலம் ஆற்றும் என்றார். இம்ரேயின் வலி தீர்ந்தது என்றார். அவள் திரும்பவே இல்லை.

எதெல்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பசிக்கிறது, போரிஷ்கா. ஏதாவது செய்து தருகிறாயா?"

காஷ்பாருக்குக் கூசியது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது?

பிறகு கட்டில் முனகியது.

"உருளைக்கிழங்குதான் இருக்கிறது."

"போதும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாங்கப் போன காஷ்பாரை எதெல்கா கண்ணால் தடுத்தார். அடுப்பு பற்றியது. கிழங்கை நறுக்கியபடியே போரிஷ்கா பேசத் தொடங்கினாள். இம்ரேக்கு மிளகாய்த்தூள் தூக்கலாக இருக்கவேண்டும். இருமல் கூடிவிடுமே என்று கடைசி மாதம் அவள் போட மறுத்துவிட்டாள். அதற்காக இரண்டு நாள் அவன் முகம்கொடுத்துப் பேசவில்லை. சொல்லும்போதே அழுதாள். கை மட்டும் நறுக்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு தட்டு வைத்தாள்.

"உனக்கு?" என்றார் எதெல்கா. "நீ உட்காராமல் நான் கை வைக்கமாட்டேன்."

போரிஷ்கா உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. தட்டு காலியானது.

திரும்பும்போது காஷ்பாருக்கு மனசு ஒப்பவில்லை.

"மில்காரர் வீட்டில் சாப்பிட்ட கையோடுதானே இங்கே வந்தோம். பசிக்கிறதென்று பொய் சொன்னீர்களே, டாக்டரம்மா."

"பொய்தான்," என்றார் எதெல்கா. "நாளைக்கு நீங்கள் போகிறீர்கள். உங்களுக்குப் பொய் வராது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள்."