ஆளில்லாத இடத்துக்கு ஒரு பாஸ்

“அண்ணா, ஒரு பையனை டீமை விட்டுத் தூக்கப் போறேன்” என்றான் பிலவேந்திரன்.

கஜபதி பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஒரு காலத்தில் வியாசர்பாடியில் பிலவேந்திரன் பேரைச் சொன்னால் போதும், டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்று அவன் அடித்த கோலை அடித்துக் காட்டுவார்கள். சம்பளத்துக்கு ஆடிய ஃபார்வர்ட். கஜபதி எதிர் கிளப்பின் தடுப்பாட்டக்காரர், பேக். அவனை மறித்து நிற்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர். இப்போது இரண்டு பேருமே ஆளுக்கொரு மைதானத்தில் பசங்களுக்குப் பந்து சொல்லித் தருகிறார்கள். ஏதாவது பிடிபடவில்லையென்றால் பிலவேந்திரன் இவரிடம்தான் வருவான். மற்றவர்கள் அவனைப் புகழ்ந்தே அனுப்பிவிடுவார்கள்.

“யாரை?”

“யுகேஷை.”

பம்பு நின்றது. “நல்லா ஆடற பையனாச்சே.”

“கோல் வாசல்ல பந்து கெடைக்குது. கோல்கீப்பர் கீழ விழுந்து கெடக்கறான். அடிக்க வேணாமா? ஆளே இல்லாத எடத்துக்குத் தட்டி வுடறான். மூணு மேட்சா இதே கதை. பயந்து சாவறானா, இல்ல எவன்கிட்டயாவது வெல போயிட்டானான்னு தெரியல.”

“பிராக்டிஸ்ல?”

“தங்கமா ஆடுவான். நானே கூட எறங்கி ஆடறேன், எனக்குத் தெரியாதா?”

“வர்ற மாசம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கறாங்க. டீம்ல பேர் இல்லன்னா அவனை கேட்டாண்டயே நிறுத்திடுவாங்க.”

“அதுக்கு நான் இன்னாண்ணா பண்றது?”

“ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க வர்றேன். அதுவரைக்கும் தூக்காத.”

ஞாயிற்றுக்கிழமை கஜபதி தோளில் ஒரு துண்டும் கையில் வேர்க்கடலைப் பொட்டலமுமாக வந்து சேர்ந்தார். முதலில் பார்த்தது பிலவேந்திரனின் காலைத்தான்.

“நீ ஆடப் போறியா இன்னா?”

“கோச் எங்கண்ணா ஆடுவான்?”

“பின்ன பூட்ஸு?”

“பழக்கம்.”

கஜபதி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. யுகேஷ் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு வலது பக்கமாகப் புகுந்தான். எதிரே கோலி மட்டும்தான். அவனும் தப்பான பக்கம் சாய்ந்துவிட்டான்.

யுகேஷ் தலையைக்கூடத் தூக்கவில்லை. பந்தை இடது பக்கம் தட்டினான். அழகான பாஸ். அங்கே ஒரு ஈ காக்காய் இல்லை. பந்து தன் பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிற்று.

பிலவேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இன்னொரு தரம் அப்படியே நடந்தது. கடைசி நிமிஷத்தில் இன்னொன்று. எதிர் டீம் அடித்த ஒரே கோலில் ஆட்டம் போனது.

“ஜெர்சியைக் கழட்டு” என்றான் பிலவேந்திரன்.

யுகேஷின் உதடு துடித்தது. “நான் கரெக்டாதான் சார் குடுத்தேன்.”

“யாருக்குடா குடுத்த?”

பையன் வாயைத் திறந்தான். திரும்பி அந்த இடத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்பதை அப்போதுதான் பார்ப்பவன் போல விக்கித்து நின்றுவிட்டான். அதைக் கண்டு பிலவேந்திரனுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

கஜபதி எழுந்து மைதானத்துக்குள் நடந்தார். பந்து மூன்று தரம் போன இடத்தில் துண்டைப் போட்டார்.

“பிலவேந்திரா, இங்க வா.”

போனான்.

“துண்டு மேல நில்லு. கோலைப் பாத்து.”

நின்றான்.

கஜபதி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, இடுப்புப் பக்கம் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ரெஃபரி பார்க்காதபோது அவர் பிடிக்கிற அதே பிடி. பிலவேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷக்கணக்காக அவன் முதுகு அறிந்த கை அது. அதைவிட, கோலுக்கு இடது பக்கம் இதே இடத்தில் அவன் பந்துக்குக் காத்து நின்றபோதெல்லாம் அறிந்த கை.

“அண்ணா...”

“பேசாத. யுகேஷ், பந்தை எடுத்துக்குனு வா.”

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கமாக ஓடி வந்தான். கோலியே இல்லாத கோல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தலையைத் தூக்காமல் இடது பக்கம் தட்டினான்.

பந்து பிலவேந்திரனின் இடது காலுக்கு வந்தது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அடிக்கலாமா என்று அவன் யோசிக்கவில்லை. தோளால் ஓர் இடி, கஜபதியின் பிடி விட்டது, கால் வீசியது, வலை குலுங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாலு அடி ஓடியும்விட்டான்.

பிறகு நின்றான். கை இரண்டும் அப்படியே மேலே இருந்தன.

மைதானத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. யுகேஷ் மட்டும், தினம் சாயங்காலம் பிராக்டிஸில் செய்வதுபோல, யாரும் சொல்லாமலே வலைக்குள் ஓடிப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அழுத முகத்தில் இப்போது சிரிப்பு.

“கரெக்டாதானே சார் குடுத்தேன்?”

பிலவேந்திரன் மெதுவாகக் கைகளை இறக்கினான்.

கஜபதி குனிந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“டீம்லேர்ந்து யாரையோ தூக்கணும்னு சொன்னியே.”

பிலவேந்திரன் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். பூட்ஸின் லேசை அவிழ்க்கத் தொடங்கினான்.